இரவல் முன்சக்கரம்

ஒரு கோடையில், உப்பளங்கள் நிறைந்த ஒரு கடற்கரையில், பெண்களுக்கான சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது. ஒரே நாளில் முடிந்துவிடும் பந்தயம் இல்லை. ஆறு நாள். தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்ட வேண்டும். ஆறு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். யாருக்கு எல்லாரையும்விடக் குறைவோ, கோப்பை அவளுக்கு.

அதில் ஓர் அணியில் சாம்பல் நிறச் சைக்கிள் ஒன்றும் வெள்ளைச் சைக்கிள் ஒன்றும் இருந்தன. சாம்பலை ஓட்டியவள் பிரிசில்லா. வெள்ளையை ஓட்டியவள் தமயந்தி. சாம்பல் நினைப்பது பிரிசில்லாவின் வாயில் வரும்; பிரிசில்லா நினைப்பது சாம்பலின் செயினில் கேட்கும். யார் முதலில் நினைத்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. வெள்ளைக்கும் தமயந்திக்கும் அப்படித்தான்.

சாம்பலின் வேலை முன்னால் போவது. கடற்கரைச் சாலையில் காற்று சும்மா இருக்காது. அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஒருத்தி முன்னால் போனால், ஒரு முழம் தள்ளிப் பின்னால் வருகிறவளுக்குக் காற்றே தெரியாது. பாதித் தெம்பில் அதே வேகத்துக்கு வந்துவிடலாம். தினமும் சாம்பல் அப்படி வாங்கிக்கொண்டு போகும். ஊர் எல்லை தெரிந்ததும் வெள்ளை பின்னாலிருந்து விலகி வெளியே வரும். சேர்த்து வைத்த தெம்பையெல்லாம் கொட்டிப் பாயும். கைதட்டல் வெள்ளைக்கு. சாம்பல் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிக் கூட்டத்தோடு வந்து சேரும்.

ஐந்தாம் நாள் முடிந்தபோது வெள்ளைதான் முதலிடம். சாம்பலைத் தேட வேண்டுமானால் பட்டியலின் கீழேயிருந்து தேட வேண்டும்.

சாம்பல் வாய் திறந்து குறை எதுவும் சொன்னதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வாளியில் சோப்புத் தண்ணீர் வந்தால் முதல் குளியல் வெள்ளைக்கு. செயினுக்கு ஒரு பழைய டூத் பிரஷ், சீட்டுக்கு ஒரு மெத்தென்ற துணி. வாளியில் மிஞ்சிய கறுப்புத் தண்ணீர் சாம்பலுக்கு. ராத்திரி அறைக்குள், தமயந்தியின் கட்டிலோரம் வெள்ளை சாய்ந்து தூங்கும். சாம்பல் வராந்தாவில், ஜன்னல் கம்பியோடு பூட்டுப் போட்டு. ஒரு நாள் பேப்பரில் படம் வந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை முழுதாக இருந்தது. ஓரத்தில் சாம்பலின் டயர் பாதி தெரிந்தது. மீதியை ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வெட்டியிருந்தது.

“அக்கா, இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சோ?” என்று வெள்ளை கேட்கும்.

“எனக்கென்ன கஷ்டம். நீ நல்லா இருந்தாச் சரி” என்று சாம்பல் சொல்லும்.

சொல்லிவிட்டு வராந்தாவில் நின்றுகொண்டு நினைக்கும்: ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். விழ வேண்டும் என்றுகூட நினைக்கும். பிறகு அப்படி நினைக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்ளும்.

ஆறாம் நாள் வந்தது. அன்று மட்டும் பந்தயத்தின் விதி வேறு. கூட்டமாக ஓட்டக் கூடாது. மரப்பலகையில் ஒரு சறுக்கு மேடை போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒருத்தியை நிறுத்தி, சீட்டைப் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். நேரம் வந்ததும் கையை விட்டுவிடுவார். அவள் போன பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தவள். யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் ஒளியக் கூடாது. முன்னால் போகிறவளை எட்டிப் பிடித்துவிட்டாலும் விலகி, தன் காற்றைத் தானே வாங்கிக்கொண்டுதான் கடக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் போய், கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். ஐந்து நாள் மற்றவர் நிழலில் சம்பாதித்ததை அந்த ஒரு நாளில் தனியாக நின்று காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும்.

கடைசி இடத்தில் இருப்பவள் முதலில் கிளம்புவாள். முதலிடத்தில் இருப்பவள் எல்லாருக்கும் கடைசியில். அதனால் காலையிலேயே போய் வருகிறவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ரோடு எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எங்கே மணல் கிடக்கிறது என்று பார்த்து வந்து, தன் அணியில் கடைசியாகக் கிளம்புகிறவளுக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு எந்தச் சக்கரம் மாட்டுவது என்று முடிவு செய்வார்கள்.

அணியின் பயிற்சியாளர் பெர்னாந்து மாஸ்டர் அன்று விடியற்காலையில் ஒரு சாக்குப்பையோடு வந்தார். உள்ளேயிருந்து ஒரு கறுப்புச் சக்கரத்தை எடுத்தார். அதன் ரிம் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. கம்பிகள் வெளியே தெரிவதே கொஞ்சம்தான். நேரே போனால் காற்றைக் கத்தி மாதிரி வெட்டும் என்றார். யாரிடமோ கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தார். வெள்ளையின் பழைய முன்சக்கரத்தைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, கறுப்பை வெள்ளைக்கு மாட்டினார்.

சாம்பல் அதையும் பார்த்தது.

“நீ சும்மா போயிட்டு வா பிரிசில்லா” என்றார் மாஸ்டர். “இன்னைக்கு நீ முதுகை ஒடிச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. ரோட்டை நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு, போதும்.”

மேடையில் சீட்டைப் பிடித்திருந்த கை விலகியது. சாம்பல் சறுக்கில் இறங்கிச் சாலைக்கு வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. பின்னால் யாரும் இல்லை. அவள் வருகிறாளா, விட்டுப்போகிறாளா, வேகம் அதிகமோ, குறைவோ, எதையும் பார்க்க வேண்டாம். தன் இஷ்டத்துக்குப் போகலாம். ஐந்து நாள் இரண்டு பேருக்குச் சமைத்த அடுப்பில் இன்று தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடுவது போலிருந்தது. சும்மா போய்விட்டு வரச் சொன்னது அதற்கு மறந்தே போயிற்று.

பாலத்தில் ஏறியபோது காற்று வந்து தோளில் இடித்தது. ஐந்து நாள் பழக்கத்தில் இரண்டுக்கும் நல்ல அறிமுகம்.

“என்ன, இன்னைக்கு ஒத்தையா வார?” என்றது காற்று. “உன் பின்னால ஒளியுறவ எங்க?”

“அவ கடைசியா வருவா. மத்தியானம்.”

“அந்தக் கறுப்புச் சக்கரம் அவளுக்குத்தானா?” காற்று சோம்பல் முறித்தது. பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. சாம்பல் கைப்பிடிச் சுவர் வரை போய் மீண்டது. “நான் இன்னும் சரியா முழிக்கவே இல்ல, பாத்துக்க. மத்தியானம் கடலுக்குள்ளேயிருந்து எழுந்து வருவேன். குறுக்காலதான் வருவேன். உன் சக்கரத்துல வெறும் கம்பி, ஊடால புகுந்து போயிருவேன். அவளுது பலகை மாதிரி இருக்கு. பிடிச்சுத் தள்ள நல்ல தோது.”

“தள்ளுவியா?”

“எனக்கு யார்மேலயும் கோபம் கிடையாது. பிடி கிடைக்கிற இடத்துல தள்ளுவேன்.”

சாம்பல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிற்று. டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. எல்லைக் கோட்டைத் தாண்டியபோது மைக்கில் பிரிசில்லாவின் பெயரைத் தப்பாக உச்சரித்து, அதுவரை வந்தவர்களில் இவள்தான் வேகம் என்றார்கள்.

அந்தப் பந்தயத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுவரை யாருடைய நேரம் குறைவோ, அவள் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அவளை மிஞ்ச இன்னொருத்தி வரும்வரை அது அவளுடைய இடம். வந்துவிட்டால் எழுந்து கொடுத்துவிட வேண்டும். நடத்தியவர்கள் அதற்காகப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை நாற்காலியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சிவப்பு வெல்வெட், தங்க முலாம், சிங்கத் தலை வைத்த கைப்பிடி. பிரிசில்லா அதில் உட்கார்ந்தாள். சாம்பலை அதன் மேல் சாய்த்து வைத்தார்கள். போட்டோ எடுக்கிறவர் இரண்டு பேரையும் சேர்த்து முழுதாக எடுத்தார். ஓரத்தில் யாரும் இல்லை.

“வாங்க, வாங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க” என்றது நாற்காலி. கல்யாண வீட்டுப் பழக்கம், குரலில் பன்னீர் தெளித்தது. “எத்தனையோ பேர் இங்க வந்து உக்காந்திருக்காங்க. எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல நெளிய ஆரம்பிச்சிருவாங்க. உங்களைப் பாத்தா நிக்கிற ஆளாத் தெரியுது.”

“சாயங்காலம் வரை இருக்க முடியுமா?” என்று சாம்பல் கேட்டது.

“உங்களை மிஞ்ச ஆள் வராட்டி ராத்திரி வரைகூட இருக்கலாம்.” நாற்காலி குரலைத் தாழ்த்தியது. “அந்தா அங்க பிளாஸ்டிக் நாற்காலிங்க கிடக்கு பாருங்க. அதுல சாப்பிடுவாங்க, தூங்குவாங்க, பிள்ளையை மடியில போட்டுத் தட்டுவாங்க. எனக்கு அதுங்களைக் கண்டா ஆகாது. என்கிட்ட யாரும் தங்குறதில்ல. நீங்க தங்கினா எனக்கும் நல்லதுதான்.”

அந்த நேரம் மாஸ்டர் தூரத்திலிருந்து வேகமாக வந்தார். நாற்காலியைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். முகத்தில் ஆச்சரியம் வந்தது, உடனே போய்விட்டது. அவருக்கு அன்றைக்கு வேறு கவலை.

“நல்லா ஓட்டியிருக்கட்டி. சரி, ரோடு எப்படி? பாலம் எப்படி? கறுப்புச் சக்கரம் போகலாமா?”

இந்த ஆறு நாளில் அவர் அதனிடம் நல்லா ஓட்டினாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் பாதியில் விட்டுவிட்டு வெள்ளையின் சக்கரத்துக்குத் தாவிவிட்டார். சாம்பலின் செயினில் ஏதோ கரகரத்தது.

“ரோடு நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்” என்றாள் பிரிசில்லா. “பாலமும் பரவால்ல.”

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று சாம்பல் கணக்குப் போட்டது. தான் போனபோது ரோடு நன்றாகத்தானே இருந்தது. மத்தியானத்துக் காற்றைப் பற்றி அவர் கேட்கவில்லையே.

ஒருத்தி ஒருத்தியாக வந்தார்கள். யாரும் சாம்பலின் நேரத்தைத் தொடவில்லை. வெயில் ஏற ஏற வருகிறவர்களின் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. எல்லைக்கோட்டை ஒட்டிய மைதானத்துக் கயிற்றில் கட்டியிருந்த காகிதக் கொடிகள் முதலில் லேசாக அசைந்தன; அப்புறம் படபடத்தன; அப்புறம் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு நீட்டி நின்றன. சாம்பல் கொடிகளைப் பார்க்கவில்லை. தன் திறமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாக்கியுள்ளவர்கள் எத்தனை பேர், இன்னும் எத்தனை பேர் தோற்க வேண்டும், அதுதான் மனசில் ஓடியது. ஒவ்வொருத்தி எல்லையைத் தாண்டும்போதும் நாற்காலி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தோற்றுவிட்டாள் என்று தெரிந்ததும் வெல்வெட் மெதுவாக மூச்சு விடும். கொஞ்ச நேரத்தில் சாம்பலும் பிரிசில்லாவும் அதே மாதிரி மூச்சுவிட ஆரம்பித்தார்கள்.

உட்கார்ந்திருப்பது இவ்வளவு களைப்பாக இருக்கும் என்று சாம்பலுக்குத் தெரியாது. பாலத்தில்கூட இவ்வளவு நெஞ்சு அடிக்கவில்லை.

அப்போது பச்சைச் சைக்கிள் ஒன்று வந்தது. அது எதிரணியைச் சேர்ந்தது. இரண்டாம் இடத்தில், வெள்ளைக்கு மிக நெருக்கத்தில் இருந்த சிவப்புச் சைக்கிளுக்கு ஐந்து நாளும் முன்னால் போய்க் காற்று வாங்கியது அதுதான். சாம்பல் செய்த அதே வேலை. அதை ஓட்டி வந்தவள் இறங்கித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே தன் அணியின் பந்தலுக்கு ஓடினாள். பாலத்தைக் காட்டிக் கையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். அங்கே சிவப்புக்கும் ஒரு கறுப்புச் சக்கரம் மாட்டியிருந்தது. உடனே அதைக் கழற்றினார்கள். வெறும் கம்பிச் சக்கரம் ஒன்றை மாட்டினார்கள்.

மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. அவர் தங்கள் பந்தலுக்குப் பின்னால் தமயந்தியின் காலை நீவிக்கொண்டிருந்தார்.

நாற்காலியும் பார்த்துவிட்டது. “உங்களுக்கென்ன அதைப் பத்தி” என்றது. “நீங்க யாரையும் தள்ளப் போறதில்ல. தள்ளப் போறது காத்து. அவளும் வந்து உங்க நேரத்தை மிஞ்சாமப் போனா, இந்த இடம் உங்களுக்கே.”

“அவ பாலத்துல விழுந்தா?”

“விழுந்தா எழுந்திரிப்பா.”

சாம்பல் பாலத்தை நினைத்தது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே கழிமுகத் தண்ணீரும், இடையிடையே பாறையும். அவள் விழுவதைப் பல ராத்திரி வராந்தாவில் நின்று நினைத்துப் பார்த்திருக்கிறது. அப்போதெல்லாம் அது வெறும் விழுவதாக இருந்தது. எந்த இடம், எந்தப் பக்கம், அடியில் என்ன என்று இருந்ததில்லை. இப்போது எல்லாம் இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. அவள் விழுந்தால் எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள். நாளைப் பேப்பரிலும் அவள்தான் வருவாள். எப்படிப் பார்த்தாலும் அவள்தான்.

பயத்தில் எழுந்ததா, பொறாமையில் எழுந்ததா என்று சாம்பலைக் கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்துவிட்டது. பிரிசில்லா சாம்பலைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். அதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“எழுந்திட்டீங்களே” என்றது நாற்காலி பின்னாலிருந்து. “எல்லாரும் இப்படித்தான்.”

மேடைக்குப் பக்கத்தில் வெள்ளை தயாராக நின்றது. சிவப்பு அப்போதுதான் மேடையேறியிருந்தது. அடுத்து வெள்ளை. பிரிசில்லா மூச்சிரைக்கச் சொன்னாள். பாலத்தில் குறுக்குக் காற்று, கறுப்புச் சக்கரம் ஆகவே ஆகாது, சிவப்பு அணிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள்.

மாஸ்டர் கொடிகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“காலையில என்னட்டி சொன்ன?”

“காலையிலயே தெரியும் மாஸ்டர். சொல்லல.”

தமயந்தி ஹெல்மெட்டின் வாரைப் பிடித்தபடி நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரிசில்லாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளையின் பழைய சக்கரம் ஜீப்பில் கிடந்தது. ஜீப், முன்பே போய் வந்த அணியின் மூன்றாவது பெண்ணுக்குப் பின்னால் போய் அக்கரையிலேயே நின்றுவிட்டது. மாஸ்டர் போனை எடுத்தார், திரும்பப் பையில் வைத்தார். ஜீப் வந்து சேருவதற்குள் வெள்ளையின் முறை போய்விடும்.

“என்னுதைக் கழட்டுங்க” என்றாள் பிரிசில்லா.

சாம்பலைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அந்த இடைவெளியில் இரண்டு சைக்கிள்களும் முதல் தடவையாக எதிரெதிரே இருந்தன. அதுவரை ஒன்றன் பின்னால் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

“அக்கா” என்றது வெள்ளை. “எனக்குப் பயமா இருக்கு. காத்துன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.”

“அஞ்சு நாளாத் தெரியாமத்தானே ஜெயிச்ச.”

“ஆமா. அஞ்சு நாளும் உன் பின்டயரைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். அதுல ஒரு வெட்டு இருக்கு, அது சுத்திச் சுத்தி வரும். வேற ஒண்ணும் தெரியாது. கடல் எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. எந்தப் பக்கம் கடல் இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல. உனக்கு முன்னால எல்லாம் திறந்து கிடந்துச்சு. எனக்கு உன்மேல அவ்வளவு பொறாமை, அக்கா.”

சாம்பல் அதை நம்பவில்லை. நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தது. தன்னிடம் அவ்வளவு பெரியதாக இருந்த ஒன்று அவளிடமும் இருக்கலாம் என்பது அதற்குப் பிடிக்கவில்லை.

முன்சக்கரம் கழன்று வந்துவிட்டது. அது இளசு. போன மழைக்காலத்தில்தான் சாம்பலுக்கு வந்தது. புது ஆளைப் பார்த்த குஷியில் மாஸ்டரின் கையிலேயே சுற்ற ஆரம்பித்தது.

“இங்க பாரு” என்றது சாம்பல். “பாலத்துல ஏறுறதுக்கு முன்னாலயே வலது பக்கம் ஒட்டிக்க. நடுவுல இரும்புப் பட்டை வரும், அதுல சாயாத. நேரா ஏறு. காத்து பேச்சுக் கொடுக்கும், பதில் சொல்லாத.”

“சரி, சரி” என்றது சக்கரம். அதன் கண் வெள்ளையின் மேல் இருந்தது. “எவ்வளவு வழுவழுன்னு இருக்கு இவ.”

மாட்டிவிட்டார்கள். மேடையில் பின்னால் பிடித்திருந்த கை விலகியது. வெள்ளை சறுக்கில் இறங்கிப் போனது. சாம்பல் முன்னால் ஒன்றும் இல்லாமல், கவட்டையின் இரண்டு காலும் மண்ணில் குத்தியபடி நின்றது.

பிரிசில்லாவை நாற்காலிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். இன்னும் அவள் நேரம்தான் எல்லாரையும்விடக் குறைவு. சாம்பலைத் தூக்கி வந்து, அதன் வெறும் கவட்டையைச் சிங்கத் தலையின் மேல் மாட்டி வைத்தார்கள்.

“வந்திட்டீங்களா” என்று நாற்காலி குதூகலித்தது. “இன்னும் ரெண்டே பேர். ரெண்டு பேரும் மெதுவா வரட்டும்னு வேண்டிக்குவோம்.”

சாம்பலுக்கு வேண்ட வரவில்லை. விழட்டும் என்று இனி நினைக்க முடியாது. அவள் விழுந்தால் முதலில் வளைவது தன் சக்கரம். சரி, நன்றாகப் போகட்டும் என்றும் மனசாரச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு நாள் பழகிய வாய் அதற்குத் திரும்பவில்லை. அதனால் அது வெள்ளையை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் நினைத்தது. இப்போது உப்பளம் தாண்டியிருக்கும். இப்போது மேடு. இப்போது பாலம். பிரிசில்லா சிங்கத் தலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மைதானத்தில் ஒரு கொடி கயிற்றிலிருந்து பிய்ந்து பறந்து போயிற்று.

சிவப்பு வந்தது. சாம்பலின் நேரத்தைவிட அதிகம். நாற்காலி மூச்சு விட்டது. சாம்பல் விடவில்லை.

பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அது நெடுநேரம் இல்லை, அப்படி இருந்தது. சாலையின் கடைசியில் வெயில் அலையலையாக ஆடியது. அதற்குள்ளேயிருந்து வெள்ளையாக ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, காற்றுக்குத் தோளைக் கொடுத்தபடி வந்தது. அப்படிச் சாய்வதைச் சாம்பலுக்கு நன்றாகத் தெரியும். அது தான் ஐந்து நாள் சாய்ந்த சாய்வு.

எல்லையைத் தாண்டியது. மைக்கில் சொன்னார்கள். அன்றைய நாளில் முதலிடம் பிரிசில்லாவுக்கே. வெள்ளையால் அதைத் தொட முடியவில்லை. ஆனால் சிவப்பைவிட அதிகம் இழக்கவும் இல்லை. ஆறு நாளையும் கூட்டிப் பார்த்தால், கண் இமைக்கும் நேரம் மிச்சத்தில் கோப்பை தமயந்திக்கு.

மைதானமே தமயந்தியை நோக்கி ஓடியது. போட்டோ எடுக்கிறவர் நாற்காலியை ஒரு படம் எடுத்துவிட்டு, முடிக்கும் முன்பே திரும்பி ஓடினார். பிரிசில்லாவும் எழுந்து ஓடினாள். தமயந்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் தோளில் சாய்ந்துகொண்டு ஏதோ சொன்னாள். பிரிசில்லா அழுதாள். தமயந்தி என்ன சொன்னாள் என்று சாம்பலுக்குக் கேட்கவில்லை. முன்சக்கரம் இல்லாமல் அது எங்கே போய்க் கேட்கும்.

“ஜெயிச்சது நீங்கதானே” என்றது நாற்காலி. யாரும் இல்லாத மடியோடு அது கொஞ்ச நேரம் சாம்பலிடம் பேசிக்கொண்டிருந்தது. பிறகு வேன் வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். சாம்பலைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு மாஸ்டர் சக்கரத்தைக் கொண்டு வந்தார். அதைச் சாம்பலுக்கு மாட்டி, ஆணியை இறுக்கி, சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். காலையில் நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாளை பேசுவார். அது சாம்பலுக்குத் தெரியும்.

சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பிகளின் ஊடே உப்பு மட்டும் படிந்திருந்தது. சாம்பல் அதை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தது. அப்போதுதான் மூச்சு விட்டது.

சக்கரமோ வாய் ஓயவில்லை. வெள்ளை எவ்வளவு லேசு, ஒரு மிதி மிதித்தால் எவ்வளவு தூரம் போகிறது, தமயந்தி மேட்டில் பாட்டுப் பாடுகிறாள், அவளுக்குப் பாட்டு வரவே வராது, இருந்தாலும் பாடுகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது வெள்ளை கடலைப் பார்த்து, அதோ கடல், அதோ கடல் என்று தன்னிடம் காட்டியதாம். தினமும் அந்தப் பக்கமாகத்தான் போனோம், நீ ஒரு நாளும் காட்டினதில்லையே என்றது.

“பாலத்துல பயந்தியா?” என்று சாம்பல் கேட்டது. “நான் சொன்னதை நினைச்சுக்கிட்டியா?”

“எதுக்குப் பயப்படணும்?” என்றது சக்கரம். “அவதான் இருந்தாளே.”

அத்தனை நாளும் தான் பட்டது பொறாமையே இல்லை, இதுதான் பொறாமை என்று சாம்பலுக்கு அப்போதுதான் தெரிந்தது.